பார்டர் காலி உங்கள் வீட்டுக்கு ஏற்ற நாய்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணொலியில் பார்டர் காலி என்ற மந்தை நாய் செய்யும் வித்தைகளைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே குட்டிக்கு முன்பணம் கொடுப்பவர்கள் இப்போது நம் நகரங்களிலும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளும், கொடுத்து ஓராண்டு கழித்துக் கேட்கப்படும் கேள்விகளும் இங்கே சேர்ந்தே இருக்கின்றன. இரண்டாவது வகையை முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

மந்தை நாய் என்று எந்த நாய்களைச் சொல்கிறீர்கள்?

மனிதரின் கட்டளைக்கு ஏற்ப ஆடு மாடுகளைத் திரட்டவும், ஓட்டவும், பிரிக்கவும் வளர்த்தெடுக்கப்பட்ட இனங்களையே இங்கே மந்தை நாய் என்கிறோம். பார்டர் காலி, ஆஸ்திரேலிய கெல்பி, மாட்டின் குதிகாலைக் கவ்வி ஓட்டும் ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், பெயரில் ஆஸ்திரேலியா இருந்தாலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உருவான ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், இன்று காவல் படைகளில் அதிகம் காணப்படும் பெல்ஜியன் மாலினாய் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஜெர்மன் ஷெப்பர்டும் ஆட்டு மந்தையிலிருந்து வந்ததுதான். கிடை காக்கும் நாய்கள் வேறு. நம் ஊர்க் கீதாரிகளோடு செல்லும் நாய் நரியையும் திருடனையும் கண்டு குரைத்து ஆடுகளைக் காக்கிறது. ஆடுகளை வளைத்துக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலையன்று. இந்த வேறுபாடு முக்கியமானது. காவல் நாய் நாளின் பெரும்பகுதியைப் படுத்துக்கொண்டே கழிக்கும்; மந்தையை ஓட்டும் நாயோ மனிதரின் முகத்தைப் பார்த்தபடி அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை மற்ற மந்தை ஓட்டும் இனங்களுக்கும் பொருந்தும் என்றாலும், இங்கே பார்டர் காலியை முன்வைத்தே பேசுகிறோம்.

இந்த நாய் எங்கே, எதற்காக உருவானது?

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புற மலைச்சரிவுகளில் உருவானது. வேலி இல்லாத பரந்த மேய்ச்சல் நிலத்தில், கண்ணுக்கெட்டாத தொலைவில் சிதறிக் கிடக்கும் ஆடுகளை ஒற்றை ஆளாக நிற்கும் இடையனிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்கு, ஓடும் வலிமையோடு சொல் கேட்கும் தன்மையும், சொல் எட்டாத இடத்தில் தானே முடிவெடுக்கும் திறனும் தேவைப்பட்டன. 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற நாய்தான் இந்த இனத்தின் மூதாதையாகக் கருதப்படுகிறது. அது குரைக்காமலும் கடிக்காமலும் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது என்பதால் அதன் வாரிசுகளுக்குப் பெரும் கிராக்கி இருந்தது. 1873-இல் வேல்ஸின் பாலா நகரில் மந்தை நாய்களுக்கான போட்டி நடந்தது. 1906-இல் சர்வதேச மந்தை நாய்ச் சங்கம் தொடங்கப்பட்டது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான இங்கிலாந்தின் கென்னல் கிளப் இந்த இனத்தை 1976-இல்தான் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கக் கென்னல் கிளப் 1995-இல் ஏற்றபோது, அழகுப் போட்டிக்காக வளர்க்கத் தொடங்கினால் வேலைத்திறன் அழியும் என்று ஆட்டுப் பண்ணைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

இந்த வரலாற்றை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. நூறாண்டுக்கும் மேலாக இந்த நாய்கள் நிறத்துக்காகவோ காதின் வடிவத்துக்காகவோ தேர்ந்தெடுக்கப்படவில்லை. வேலை செய்யாமல் இருக்க முடியாத நாய்களே அடுத்த தலைமுறையைப் பெற்றன. உங்கள் வரவேற்பறைக்கு வரும் குட்டி அந்தத் தேர்வின் விளைவு. அதற்கு ஆடுகள் கிடைக்காமல் போகலாம், ஆனால் ஆடுகளைத் தேடும் கண்கள் அதனிடம் இருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்கவும் ஓடவும் விட வேண்டும்?

வளர்ந்த, உடல்நலமுள்ள பார்டர் காலிக்கு ஒரு நாளில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை வெளியே செலவிட நேரம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். அதில் ஒரு பகுதியாவது, வார் பிடிக்காமல் பாதுகாப்பான இடத்தில் ஓடித் திரிவதாகவோ நீண்ட வாரில் மோப்பம் பிடித்தபடி மெதுவாக நடப்பதாகவோ இருப்பது நல்லது. இது மழை நாளுக்கும், உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளுக்கும், உறவினர் வீட்டுத் திருமண நாளுக்கும் பொருந்தும். குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எலும்பு முனைகளின் வளர்ச்சி முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், அதுவரை நீண்ட ஓட்டம், திரும்பத் திரும்பத் தாவுதல், மாடிப்படிகளில் ஏற்றி இறக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஆனால் எத்தனை மணி நேரம் என்பதே இந்தக் கேள்விகளில் மிகவும் ஏமாற்றக்கூடியது. அதை அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறோம்.

நன்றாக ஓடவிட்டுக் களைப்படையச் செய்துவிட்டால் வீட்டில் அமைதியாக இருக்காதா?

இருக்காது. மந்தை நாய் வளர்ப்பில் மிகப் பெரிய தவறான நம்பிக்கை இதுதான் என்பது எங்கள் கருத்து. ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிட்ட நாய்க்கு அடுத்த மாதம் ஒரு மணி நேரம் போதாது. அதன் உடல் அந்த ஓட்டத்துக்குப் பழகி, இன்னும் வலிமை பெற்றுவிட்டிருக்கும். பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்வது இதைவிட மோசம். நாற்பதாவது முறை பந்தை எறியும்போது நாயின் நாக்கு தொங்குகிறது, மூச்சு இரைக்கிறது, ஆனாலும் கண்கள் உங்கள் கையிலிருந்து விலகுவதில்லை. அதைக் களைப்பு என்றோ மகிழ்ச்சி என்றோ எண்ணுகிறோம். உண்மையில் அது பதற்றத்தின் உச்சத்தில் நிற்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதற்றம் தணியப் பல மணி நேரம் ஆகலாம். திடீரென்று நின்று திரும்பும் அசைவுகளால் தோள் மூட்டுக்கும் முழங்காலுக்கும் கேடு விளைகிறது.

பார்டர் காலிக்கு உடற்பயிற்சியைவிட இரண்டு விஷயங்கள் அதிகம் தேவை. ஒன்று, உங்களோடு சேர்ந்து மூளையைச் செலுத்திச் செய்யும் வேலை. மற்றொன்று, ஓய்வெடுக்கக் கற்றுக்கொடுத்தல். வளர்ந்த நாய் ஒரு நாளின் பாதிக்கும் மேலான நேரத்தைத் தூங்கியும் படுத்தும் கழிக்க வேண்டும். மற்ற பல இனங்கள் இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன, இந்த இனம் பெரும்பாலும் செய்துகொள்வதில்லை. வீட்டில் யார் எழுந்தாலும் தானும் எழுந்து, குளிர்பதனப் பெட்டியின் கதவு திறந்தால் ஓடிவந்து, நாள் முழுவதும் பணியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். எனவே குட்டிப் பருவத்திலேயே ஒரு பாயையோ கூண்டையோ அதன் இடமாகக் காட்டி, அங்கே எதுவும் நடக்காது, அழைக்கும் வரை கவலையில்லாமல் படுத்திருக்கலாம் என்பதைப் பொறுமையாகப் பழக்க வேண்டும். மலைச்சரிவில் வேலை முடிந்ததும் இடையர் சொல்லும் ‘தட் வில் டூ’ (‘போதும்’) என்ற கட்டளைக்கு இருக்கும் மதிப்பு இதுதான்: அதைக் கேட்டதும் நாய் ஆடுகளை விட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். தொடங்கச் சொல்லித் தருவதைவிட நிறுத்தச் சொல்லித் தருவது கடினம்.

மூளைக்கு வேலை என்றால் என்ன செய்வது?

உணவைக் கிண்ணத்தில் போடாமல் வீட்டிலும் மொட்டை மாடியிலும் ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேடச் சொல்லுங்கள். பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்து எடுத்துவரச் சொல்லுங்கள். இருபது நிமிடத் தேடல் ஒரு நீண்ட ஓட்டத்தைவிட நாயை நன்றாக ஆற்றிப் படுக்கவைக்கும். இடம் கிடைத்தால், தடைகளைத் தாண்டும் அஜிலிட்டி பயிற்சியும் உண்டு. ஆனால் அது தவறாமல் தேவைப்படும் ஒன்றன்று.

அறிவாளியான நாய் என்றால் வளர்ப்பது எளிதுதானே?

அறிவு என்பது நாம் கற்பிப்பதை மட்டும் கற்கும் திறன் அன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த ‘சேஸர்’ என்ற பார்டர் காலி 1,022 பொம்மைகளின் பெயர்களை அறிந்திருந்தது. ஜெர்மனியின் ‘ரிக்கோ’ சுமார் 200 பொருள்களை அறிந்திருந்ததாக 2004-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. இந்தச் செய்திகளைப் பகிரும்போது எல்லோரும் விட்டுவிடும் ஒரு தகவல் உண்டு: சேஸருக்கு அந்தப் பேராசிரியர் மூன்றாண்டுகள், நாளுக்கு நான்கைந்து மணி நேரம் பயிற்சி அளித்தார்.

அதே மூளைதான் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கவும், குரைத்தால் நீங்கள் தொலைபேசியை வைத்துவிடுவீர்கள் என்பதைக் கண்டுகொள்ளவும், நீங்கள் எந்தச் செருப்பை அணிந்தால் அலுவலகம், எதை அணிந்தால் நடைப்பயிற்சி என்பதைப் பிரித்தறியவும் பயன்படுகிறது. இருமுறை நடந்தது மூன்றாம் முறை விதியாகிவிடும். வீட்டிலுள்ள நால்வரும் நான்கு விதமாக நடத்தினால் இந்த நாய் குழம்புவதோடு நிற்காது; யாரிடம் எது செல்லும் என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். வீட்டின் பரப்பளவு இங்கே இரண்டாம் பட்சம்தான். பெரிய தோட்டம் உள்ள வீட்டில் தனியாக விடப்பட்ட பார்டர் காலி, மதிலோரமாக ஓடி ஓடி, போகிறவர் வருகிறவரையெல்லாம் குரைத்து விரட்டும் பழக்கத்தை வளர்த்துக்கொள்கிறது. ஆனால் அடுக்குமாடியில் ஒலி ஒரு சிக்கல். இந்த இனத்தில் ஒலிக்கு அஞ்சும் நாய்கள் அதிகம். மேல் வீட்டில் நாற்காலி நகரும் ஓசை, பிரஷர் குக்கரின் விசில், எதிர்வீட்டு அழைப்புமணி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தீபாவளி வாரம். குட்டியாக இருக்கும்போதே மெல்லிய ஒலிகளிலிருந்து தொடங்கிப் பழக்காவிட்டால், இரண்டு வயதுக்குள் பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலின் அடியில் ஒளிந்து நடுங்கும் நாயாகிவிடக்கூடும்.

குடியிருப்போர் சங்கம் தடை சொல்லுமே என்ற அச்சமும் பலருக்கு உண்டு. செல்லப் பிராணி வளர்ப்பதை முற்றிலும் தடைசெய்யவோ மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதே இந்திய விலங்கு நல வாரிய வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. மாநகராட்சி உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கணவன், மனைவி இருவரும் காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை வெளியே இருக்கிறோம். வாங்கலாமா?

வேண்டாம்.

பகலில் ஒருவர் வந்து நடத்திச் செல்வார், பெற்றோர் வீட்டில் இருப்பார்கள் என்றால் மறுபடியும் யோசிக்கலாம். ஆனால் பெற்றோரின் சம்மதத்தைத் தனியாகக் கேளுங்கள். எழுபது வயதில் முழங்கால் வலியோடு இருப்பவரிடம், ஆளைக் கேட்காமலேயே ஒரு முழுநேரப் பணியை ஒப்படைக்கும் வழக்கம் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. வாரை இழுத்தபடி பூனையைக் கண்டு பாயும் பதினெட்டுக் கிலோ நாயை அவர்களால் தாங்கிப் பிடிக்க முடியாது.

வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். பழகுமா?

பார்டர் காலி பொதுவாக மூர்க்கமான நாயன்று. எனினும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். கூடத்தில் இரண்டு குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நாய் எழுகிறது. தலை தோளுக்குக் கீழே இறங்குகிறது, வால் பின்னங்கால்களுக்கிடையே தாழ்கிறது, ஒரு முன்னங்கால் பாதி தூக்கிய நிலையில் அப்படியே நிற்கிறது, கண்கள் சிமிட்டாமல் ஓடும் குழந்தையின் மேல் நிலைக்கின்றன. பிறகு அரைவட்டமாகச் சுற்றிவந்து குழந்தையின் முன்னால் நின்று மறிக்கிறது. குழந்தை விலகி ஓடினால் குதிகாலையோ பாவாடை நுனியையோ கவ்வுகிறது. பெற்றோர் முதலில் சிரிப்பார்கள், காணொலி எடுப்பார்கள். மூன்றாவது வாரம் பல் பட்டு ரத்தம் வந்ததும் நாய் கடித்துவிட்டது என்பார்கள்.

ஓநாய்க்கு இரையை நோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என்று ஒரு தொடர் இருக்கிறது. மந்தை நாயில் முதல் மூன்றும் கூர்மையாக்கப்பட்டு, இறுதிப் பகுதி மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. குழந்தையைச் சுற்றிவளைப்பது பாசமும் அன்று, பகையும் அன்று, வேலை. அதனால் அதைத் திட்டியோ அடித்தோ நிறுத்த முடியாது. குழந்தைகள் ஓடி விளையாடும் நேரத்தில் நாயை வேறு அறையில் வைப்பது, அழைத்தால் திரும்பிவரப் பழக்குவது, குழந்தைகளுக்கும் நாயருகே ஓடக் கூடாது என்று சொல்லித்தருவது ஆகிய மூன்றும் தொடர்ந்து நடக்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட, பொறுமையுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதே நாய் மிக நல்ல துணையாகிறது.

சாலையில் வண்டிகளைத் துரத்துமா?

துரத்த வாய்ப்பு அதிகம். இருசக்கர வண்டி, மிதிவண்டி, ஸ்கேட்டிங் போகும் பையன் என நகரும் எதையும் அது வளைத்து நிறுத்தப் பார்க்கும். வார் இல்லாமல் தெருவில் விடும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த இனம் வேண்டாம்.

போதிய வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

மெத்தையைக் கிழிப்பது, செடிகளைத் தோண்டுவது, ஓயாமல் குரைப்பது ஆகியவற்றை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவை சிறிய தொல்லைகள். இந்த இனத்துக்கே உரிய வேறொரு தொல்லை உண்டு: நிழலையும் ஒளியையும் துரத்துவது. கைப்பேசியின் கண்ணாடியில் பட்டு சுவரில் நெளியும் வெயில், சுழலும் மின்விசிறியின் நிழல், எவர்சில்வர் தட்டிலிருந்து கூரைக்குப் போகும் ஒளிப்பொட்டு ஆகியவற்றை முதலில் விளையாட்டாகத் துரத்தும். பிறகு ஒளி இல்லாதபோதும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்; சாப்பாட்டுக்கு அழைத்தாலும் திரும்பாது. லேசர் விளக்கைக் காட்டி விளையாட்டுக் காட்டுவது இந்த நோயை நாமே விதைப்பதற்குச் சமம். ஒருமுறை வேரூன்றிவிட்டால், கால்நடை மருத்துவர் தரும் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்து பல மாதங்கள் தேவைப்படும். முழுமையாக மறையும் என்ற உறுதியும் இல்லை.

தமிழ்நாட்டு வெயிலைத் தாங்குமா?

மூடுபனியும் தூறலும் நிறைந்த நிலத்துக்காக அமைந்த ஈரடுக்கு முடி கொண்ட நாய் இது. நிழல், தண்ணீர், மின்விசிறி ஆகியவற்றோடு நம் ஊரில் வாழ முடியும்; உழைக்கத்தான் முடியாது. நாய்க்கு வியர்த்து உடல் குளிர்வது மிகக் குறைவு, மூச்சிரைப்பதன் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. கடற்கரை நகரங்களில் காற்றின் ஈரப்பதம் அதிகமாக இருக்கும்போது அந்த வழியும் சரியாகப் பயன்படுவதில்லை. அதற்கு மேல், இந்த இனத்துக்குத் தானாக நிறுத்தத் தெரியாது; நீங்கள் பந்தை எறியும் வரை ஓடும். பார்டர் காலிகளில் சிலவற்றுக்கு 5 முதல் 15 நிமிடக் கடும் ஓட்டத்திலேயே நடை தள்ளாடி, பின்னங்கால்கள் இழுபட்டு, சுற்றுப்புறம் புரியாமல் விழும் ஒரு கோளாறும் உண்டு. வெப்ப நாளில் இது அதிகம் நேர்கிறது. அத்தகைய நாயை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடலில் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படச் செய்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நடைமுறையில், மார்ச் முதல் ஜூன் வரை வெளியே செல்வது காலை ஆறரை மணிக்கு முன்பும் இரவு எட்டு மணிக்குப் பின்பும்தான். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. அதிகாலையில் எழும் பழக்கம் இல்லாதவர், இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு நாயைத் தேடலாம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் வசிப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

வெயில் காலத்தில் முடியை மொட்டையடித்துவிடலாமா?

கூடாது. மேல் முடி வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. மழித்தால் மீண்டும் ஒழுங்காக வளராமலும் போகலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை நன்றாகச் சீவி, உதிர வேண்டிய உள்முடியை அகற்றினால் போதும். முடி உதிர்வது ஆண்டு முழுவதும் இருக்கும், சோற்றிலும் விழும். முடிக்குள் உண்ணி மறைந்துகொள்வதால், காது மடல், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றைத் தினமும் தடவிப் பார்ப்பது அவசியம். உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களைக் கொல்லும் நோய்களில் ஒன்று.

குட்டி வாங்கும்போது எவற்றைக் கேட்க வேண்டும்?

முதலில் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். தாய் அந்நியரைக் கண்டு ஒளிகிறதா, ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா, சற்று நேரத்தில் அமைதியாகப் படுக்கிறதா என்பது குட்டியின் எதிர்காலத்தைப் பற்றி எந்தச் சான்றிதழைவிடவும் அதிகம் சொல்லும்.

அடுத்து மரபணுப் பரிசோதனை. கண்ணின் உட்சவ்வைப் பாதிக்கும் காலி கண் குறைபாடு, குட்டிகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் டிஎன்எஸ், ஒன்றிரண்டு வயதில் தொடங்கி மூளையைச் சிதைக்கும் சிஎல் ஆகிய மூன்றும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுபவை. பெற்றோரில் ஒன்றேனும் குறைபாடு அற்றது என்று பரிசோதனை காட்டினால் குட்டிக்கு அந்த நோய் வராது. இடுப்பு மூட்டின் எக்ஸ்ரேயையும் கேளுங்கள். குடும்பத்தில் வலிப்பு நோய் இருந்ததா என்றும் விசாரியுங்கள். அதற்குத் தெளிவான பரிசோதனை இல்லாததால் வளர்ப்பவரின் நேர்மையையே நம்ப வேண்டியிருக்கிறது.

நிறத்தில் மயங்க வேண்டாம். சாம்பலும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த மெர்ல் நிறக் குட்டிகளுக்கு அதிக விலை சொல்கிறார்கள். தாய், தந்தை இரண்டும் மெர்லாக இருந்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரட்டையாகப் பெறும். அவற்றில் காது கேளாமையும் பார்வையின்மையும் அதிகம். இதை அறிந்தே இணைசேர்ப்பவரிடம் எந்த நாயையும் வாங்கக் கூடாது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று விற்பவர் சொல்வது அவருக்குப் பால் செலவு மிச்சம் என்பதற்காகத்தான்.

இந்த இனத்துக்கு ஐவர்மெக்டின் ஆகாது என்கிறார்களே?

எம்டிஆர்1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள நாய்களில் ஐவர்மெக்டின் போன்ற சில மருந்துகள் மூளைக்குள் புகுந்து நஞ்சாகின்றன. நீள்முடி காலியிலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் இது பரவலாக உண்டு. பார்டர் காலியில் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. சொறிக்கும் உண்ணிக்கும் இந்த மருந்தை ஊசியாகப் போடும் வழக்கம் இங்கே இருப்பதால், பரிசோதனை முடிவு கைக்கு வரும் வரை இனத்தின் பெயரைச் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள்.

எங்களிடம் பண்ணையும் ஆடுகளும் இருக்கின்றன. வாங்கிவிட்டால் தானாக மேய்க்குமா?

தானாக விரட்டும், மேய்க்காது. வலஞ்சுழியாகச் சுற்று, இடஞ்சுழியாகச் சுற்று, படு, நட, போதும் என்ற கட்டளைகளைப் பழகிய நாய்க்கும் பழகாத நாய்க்கும் உள்ள வேறுபாட்டைச் சினை ஆடுகள்தான் முதலில் உணரும். பயிற்சியில்லாத நாயோடு அவற்றை விட்டால் ஓடி மிரண்டு கருச்சிதைவு ஏற்படலாம். மேலும் நம் ஊரின் கலப்பு மேய்ச்சல் முறையில், சிறிய மந்தையை ஆளே கூட நின்று மேய்க்கிறார்; அங்கே இந்த நாய்க்கு உண்மையான தேவை குறைவு. கோழிகள் உள்ள பண்ணை என்றால் நன்றாக வேலியிடப்பட்ட கோழிக்கூடு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இதுவரை நாயே வளர்த்ததில்லை. முதல் நாயாக இதை வாங்கலாமா?

முதல் நாய் என்பது ஒரு தடையே அன்று. பழைய அனுபவம் சிலருக்குத் தீங்கும் செய்கிறது: லேப்ரடாரை வளர்த்தவர் அதே முறை இங்கும் செல்லும் என்று நம்பி, ஆறு மாதத்தில் தவிக்கிறார். கற்றுக்கொள்ளும் பொறுமையும், நாள்தோறும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றும் இயல்பும், நாயோடு ஏதாவது செய்துகொண்டிருப்பதில் உண்மையான விருப்பமும் இருந்தால் முதல்முறை வளர்ப்பவரும் நன்றாக வளர்க்கலாம். பணி முடிந்து வந்து அமைதியாக உட்காரும்போது காலடியில் சும்மா படுத்திருக்கும் ஒரு துணைதான் உங்கள் விருப்பம் என்றால், அந்த விருப்பத்தில் குறையில்லை. நாய் மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

அப்படியானால் வேறு எந்த நாய்?

நம் நாட்டுத் தெரு நாய்க்குட்டி பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்குப் பார்டர் காலியைவிடப் பொருத்தமானது. வெயிலுக்கு ஏற்ற முடி, மட்டான ஓட்டத் தேவை, நாளின் நடுவில் தூங்கும் பழக்கம் அதற்கு உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கான நாய்கள். சிறிது நேரம் மின்னலாக ஓடிவிட்டு வெகுநேரம் படுத்திருக்கும். ஆனால் அழைத்தால் திரும்பிவரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ராஜபாளையமும் கோம்பையும் காவல் இயல்பு மிகுந்தவை. விருந்தினர் ஓயாமல் வந்துபோகும் வீட்டுக்கு ஒத்துவராது.

முடிவெடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவில்லாத வழி. நாய் வருவதற்கு முன்பே ஒரு மாதம் நாய் இருப்பதாக வைத்துக்கொண்டு வாழ்ந்து பாருங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து முக்கால் மணி நேரம் நடங்கள்; இரவு எட்டுக்கு மேல் மறுபடியும் நடங்கள்; இடையில் இருமுறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், கைப்பேசியைத் தொடாமல் ஒரே இடத்தில் உட்காருங்கள். பயிற்சிக்குத் தேவையான கவனம் அவ்வளவுதான். வார இறுதியில் வெளியூர் செல்லும்போது நாயை யாரிடம் விடுவீர்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். குட்டியின் விலை ஒருமுறைச் செலவு. உணவு, தடுப்பூசி, உண்ணி மருந்து, பயிற்சியாளர், வெளியூர் செல்லும் நாள்களின் பராமரிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகளுக்குக் கணக்குப் போடுங்கள். மூன்றாம் மாதத்தில் வேலை மாற்றமோ குழந்தைப் பேறோ வரக்கூடும் என்றால் அதையும் சேருங்கள். அந்த ஒரு மாதத்தில் ஐந்தாறு நாள் நடை தவறினால் கவலையில்லை. பத்துப் பதினைந்து நாள் தவறினால் முன்பணம் கொடுக்க வேண்டாம். தவறவில்லை என்றால், ஏற்கெனவே பார்டர் காலி வளர்ப்பவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, ஞாயிறு பூங்காவில் அல்லாமல், வேலைநாள் மாலையில் அவர் வீட்டிலேயே இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள்.